ஓசூர் மேட்டுநிலத்து இறங்குவழிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் இலக்கியமும் துணைபுரிவது போலவே, அந்நாட்டில் மக்கள் பன்னெடுங்காலம் நடந்து சென்ற வழிகளும் துணைபுரிவனவாகும். எனினும், நம் ஆராய்ச்சியாளர்கள் கோயிலையும் கோட்டையையும் நாடிச் சென்ற அளவிற்கு, அவற்றை இணைத்து நின்ற வழிகளை நாடிச் சென்றிலர். மலைநாட்டுச் சாலைகள் யாவும் ஆங்கிலேயர் அமைத்தனவே என்னும் எண்ணம் கற்றோரிடையும் பரவியிருத்தற்கு இதுவே காரணம் எனலாம். அவ்வெண்ணம் எத்துணை அளவிற்குப் பொருந்தும் என்பதனை ஒரு வட்டாரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வட்டாரம், கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியாகும்.

நிலத்தின் அமைப்பு

பழைய சேலம் மாவட்டத்தை ஆங்கில ஆட்சியினர் பாலாகாட், பாராமகால், தலகாட் என மூன்று பகுதிகளாகக் கொண்டு கூறினர். ‘பாலா’ என்பது மேல் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்; கணவாய்க்கு மேற்பட்ட நிலம் பாலாகாட் ஆயிற்று. ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை ஆகிய ஊர்கள் இம்மேட்டுநிலத்தில் உள்ளன. மேட்டுநிலத்தின் கீழ்ப்படியாக அமைந்ததே கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் உள்ளிட்ட பாராமகால். ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே, ஓசூரிலிருந்து தமிழகத்தின் பிற பகுதிகட்குச் செல்வோர் எவராயினும் எங்கேனும் ஓரிடத்தில் மலையிறங்கியே தீர்தல் வேண்டும். அவ்வாறு இறங்கும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் மூன்று வரலாற்றில் சிறப்புற்றவை.

முதலாவது, சூளகிரி வழியாக மேலுமலையைக் கடந்து கிருஷ்ணகிரியை அடைவது. இற்றைத் தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வழியே செல்கின்றது. இரண்டாவது, கெலமங்கலப் பக்கத்திலிருந்து இராயக்கோட்டை வழியாகப் பாலக்கோட்டையும் தருமபுரியையும் அடைவது. மூன்றாவது, தேன்கனிக்கோட்டையிலிருந்து மேலகிரி மலைக்காட்டினூடே அஞ்செட்டிக்கு இறங்கி, நாட்ராம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லில் காவிரியை எய்துவது. இம்மூன்றனுள் எது தலைமை பெற்றது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்திற்குரிய காரணங்களே ஈண்டு ஆராயத்தக்கன.

கல் கூறும் சான்று

தருமபுரி வட்டாரத்தில் கண்டறியப்பட்ட இரண்டு வழிக்கற்கள் இவ்வாராய்ச்சிக்கு முதற்சான்றாக உதவுகின்றன. 13-ஆம் நூற்றாண்டின எனக் கருதப்படும் அக்கற்கள், அதியமான் பெருவழி என்னும் பெயரைக் குறித்து, நாவற்றாவளம் என்னும் ஊர் அவ்விடத்திலிருந்து எத்துணைக் காதம் உள்ளது என்பதனை அறிவிக்கின்றன. ஒன்று 27 காதம் என்றும், மற்றொன்று 29 காதம் என்றும் கூறும். எழுத்தறியாதாரும் தொலைவை உணர்தற்பொருட்டுக் கல்லில் குழிகள் செதுக்கப்பட்டிருத்தல் பெரிதும் போற்றத்தக்கது. பெருங்குழி ஒன்று பத்தினையும், சிறுகுழி ஒன்று ஒன்றினையும் குறிக்கும். இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் காண்பார், எழுத்தறிவு இலராயினும் 29 காதம் என உணர்ந்து கொள்வர்.

இக்கற்களிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, வழிக்குத் தனிப்பெயர் இருந்தமையால், அது தானே தோன்றிய ஒற்றையடிப் பாதை அன்று; ஆட்சியாளர் பேணிய பெருவழியாகும். இரண்டாவது, 27, 29 எனத் தொடர்ந்து எண்ணப்பட்டமையால், தொலைவை அளந்து கல் நடும் முறை அந்நாளில் நிலவிற்று. மூன்றாவது, குழிகள் செதுக்கப்பட்டமையால், அவ்வழியே சென்றோருள் எழுத்தறியாத பொதிமாட்டு வணிகரும் உழைப்பாளரும் பெருந்தொகையினராதல் வேண்டும். ‘தாவளம்’ என்னும் சொல் தங்குமிடத்தையும் வணிகர் கூடும் இடத்தையும் குறிப்பதாதலின், பெருவழியின் குறிக்கோள் வணிகமே என்பதும் போதரும். கோவை வட்டாரத்து இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டையும் உடன்வைத்து நோக்கின், தமிழகத்தின் மேற்கு எல்லையில் பெருவழிகளைப் பேணுதல் அரசரின் கடமையாகக் கருதப்பட்டமை தெளிவாகும்.

ஆயினும், சான்று கூறாததனை அதன்மேல் ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சிக்கு இழுக்காகும். இக்கற்கள் பாராமகாலின் சமநிலத்தைச் சார்ந்தவை. மேட்டுநிலத்து ஏற்றத்தில் நடப்பட்டவை அல்ல. பாராமகாலில் அளந்து கல் நட்ட பெருவழி ஒன்று இருந்தது என்பதனை மட்டுமே அவை நிறுவும். ஓசூர் மேட்டிற்கு ஏறிய வழி எது என்பதனை வேறு சான்றுகள் கொண்டே துணிதல் வேண்டும்.

ஆநிரையும் நடுகல்லும்

அச்சான்றுகளுள் ஒன்று நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகற்கள் மிக்கவை. தொறு கொள்ளப்பட்டபோது அதனை மீட்டுப் பட்ட வீரர்க்கும், புலியொடு பொருது பட்டவர்க்கும் எடுத்த கற்கள் இங்குப் பல உள்ளன. ‘தொறு’ என்பது ஆநிரை. ஆநிரை கவர்தலும் மீட்டலும் இடையறாது நிகழ்ந்த நாட்டில், ஆநிரை செல்லும் தடங்களும் நிலைபெற்றிருத்தல் இயல்பேயாம்.

இவ்வுண்மையை ஊர்ப்பெயர்களும் வலியுறுத்துகின்றன. அஞ்செட்டிக் காட்டுப் பகுதியில் ‘தொட்டி’ என முடியும் சிற்றூர்ப் பெயர்களைக் காணலாம். இது கன்னடத்தில் மாட்டுப்பட்டியைக் குறிக்கும் சொல்லின் தமிழ் வடிவம் எனக் கருதுகிறோம். அஞ்செட்டியையொட்டி ஓடும் தொட்டல்லா ஆற்றின் பெயர் கன்னடத்தில் பேரோடை எனப் பொருள்படும். ஒகேனக்கல்லில் காவிரியொடு கலக்கும் சின்னாறோ தமிழ்ப்பெயர் தாங்கியது. பெட்டமுகிலாளம் என்னும் மலையூரின் முதற்சொல் மலையைக் குறிக்கும் கன்னடச் சொல். ஓசூர் என்பதே புதிய ஊர் எனப் பொருள்படும் கன்னடப் பெயர். ‘பள்ளி’ என முடியும் ஊர்ப்பெயர்கள் தெலுங்கு வழக்கினையும் நினைவூட்டுகின்றன. சங்கச் சான்றோர் ‘மொழிபெயர் தேயம்’ என்று வழங்கிய தொடருக்கு இம்மேட்டுநிலம் இன்றும் விளக்கமாக விளங்குகின்றது. மும்மொழியினரும் ஒரே தடத்தில் நடந்தமையால் அன்றோ மும்மொழிப் பெயர்களும் ஒரே தடத்தில் நிலைத்தன!

காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரைப் பெற்ற ஆலம்பாடி மாடுகள் காட்டு மேய்ச்சலில் வளர்ந்து, வண்டிக்கும் ஏருக்கும் பெயர் பெற்றவை. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் படைக்குதிரைப் பண்ணை நிறுவியதும், அதுவே பின்னர்க் கால்நடைப் பண்ணையாக மாறியதும் இம்மேட்டுநிலத்துப் புல்வளத்தைப் புலப்படுத்தும். மேட்டின் புல்லையும் காவிரிக்கரையின் நீரையும் நாடி ஏறியிறங்கிய ஆநிரைகளே அஞ்செட்டி இறங்குவழியின் முதல் வழிப்போக்கர் என்பது எமது கருத்து.

படை நடந்த வழி

வழியின் வரலாற்றை ஐயமின்றிக் காட்டுவன போர்க்குறிப்புகளாகும். படை நடத்துவோர் நீரும் தீவனமும் உள்ள வழியையே தேர்வர். கோட்டை கட்டுவோர் அவ்வழியை அடைக்கும் குன்றையே தேர்வர். ஆதலின் கோட்டையுள்ள இடம் வழியுள்ள இடம் என்று கொள்ளுதல் பெரும்பாலும் தவறாகாது.

1791-ஆம் ஆண்டில் கார்ன்வாலிஸ் மைசூரின்மேற் படையெடுத்தபோது, பாராமகால் கணவாய்களைத் திப்பு சுல்தான் எதிர்பார்த்திருந்தமையால், அவற்றை விடுத்து வடக்கேயுள்ள முகிலிக் கணவாய் வழியாக மேட்டுநிலத்தை அடைந்தார். பெங்களூர் கைப்பட்ட பின்னரும், கீழேயிருந்து உணவுப்பொருள் வருதற்கு வழி திறக்கப்படாமையால் அவர் படை பெரிதும் இடருற்றது. எனவே அவ்வாண்டு சூலைத் திங்களில் அவர் ஓசூரைக் கைக்கொண்டார். அடுத்து அவருடைய படைப்பிரிவு இராயக்கோட்டையைப் பற்றியது. பாலக்கோட்டுக் கணவாய் என ஆங்கிலேயர் குறித்த இறங்குவழியை இராயக்கோட்டைக் குன்றே காத்து நின்றது. அக்கோட்டை கைப்பட்ட பின்னரே பொதிமாடுகள் கீழ்நாட்டிலிருந்து அச்சமின்றி மேலேறின. அவ்வாண்டின் இறுதியில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய ஆங்கிலப் படை தோல்வியுற்று மீண்டது. கிருஷ்ணகிரி வீழாதிருக்கவும் இராயக்கோட்டை ஒன்றனைக் கொண்டே மேட்டுநிலத்துப் படைக்கு வழி கிடைத்தமையை நோக்கின், அந்நாளில் இவ்விரண்டாம் இறங்குவழியின் தலைமை நன்கு புலனாகும்.

1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனிக்கு உரியதாயிற்று. அலெக்சாண்டர் ரீடு என்பார் அதன் ஆட்சித்தலைவராக அமர்ந்தார். பின்னாளில் சென்னை மாநில ஆளுநரான தாமஸ் மன்றோ அவர்கீழ்ப் பணியாற்றினார். ஆயின் பாலாகாட் மைசூரிடமே நின்றது. எனவே 1792 முதல் 1799 வரை, மேட்டின் விளிம்பே இரண்டு அரசுகட்கும் எல்லையாக இருந்தது. ஏழாண்டுக் காலம் இராயக்கோட்டை கம்பெனியின் எல்லைக்காவலாயிற்று.

1799-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தளபதி ஹாரிஸ் பெரும்படையுடன் இவ்வழியே மேலேறினார். எல்லையிலுள்ள நீலதுர்க்கம், அஞ்செட்டி துர்க்கம் ஆகிய காவற்கோட்டைகளைக் கைப்பற்றியதே அப்போரின் முதற்செயல். பின்னர் படை கெலமங்கலத்தில் ஒன்றுகூடி மேற்கே நடந்தது. மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. தென்னிந்திய வரலாற்றை மாற்றிய இப்படையெடுப்பு, சிற்றூர்களாக இன்று நாம் கருதும் இராயக்கோட்டையையும் கெலமங்கலத்தையும் வழியாகக் கொண்டமை நினைவில் இருத்தற்குரியது. முதன்மையான படைவழிக்குத் தெற்கே உள்ள மலைக்கோட்டைகளை விட்டுச் செல்லாது அவற்றை முதலிற் பற்றியமை, தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டிப் பக்கத்து வழிகளையும் மைசூரார் காத்து வந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

எல்லை மறைந்ததும் வழி மாறியது

1799-ஆம் ஆண்டில் ஓசூர் மேட்டுநிலமும் கம்பெனிக்கு உரியதாயிற்று. மேட்டின் விளிம்பு எல்லையாக இருந்த நிலை அத்துடன் ஒழிந்தது. எல்லை ஒழியவே, எல்லையைக் காத்த குன்றுகள் பயனற்றன. படைக்கு வேண்டுவது காவலுள்ள வழி. வணிகத்திற்கு வேண்டுவது சென்னைத் துறைமுகத்திற்கு நேரிய வழி. கிருஷ்ணகிரியினின்று வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலையோடு இணைதற்குச் சூளகிரி–மேலுமலை வழியே நேரியது. ஆகவே முதல் இறங்குவழி படிப்படியாகத் தலைமை பெற்றது என்று துணிகிறோம்.

ஆயினும் இராயக்கோட்டை வழி மறக்கப்பட்டிலது. இதற்கு இருப்புப்பாதையின் வரலாறே சான்று. 1905-ஆம் ஆண்டில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ஆம் ஆண்டில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய இருப்புப்பாதைகள் திறக்கப்பட்டன. ஓசூர் மேட்டிற்குப் பாதையை ஏற்ற வேண்டிய நிலை வந்தபோது, கிருஷ்ணகிரிப் பாதை நீட்டப்படவில்லை. தருமபுரிப் பாதையே இராயக்கோட்டைப் பக்கமாக 1913-ஆம் ஆண்டில் ஓசூருக்கு நீட்டப்பட்டது. கிருஷ்ணகிரிப் பாதை 1936-ஆம் ஆண்டிலும், ஓசூர்ப் பாதை 1941-ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. பின்னர் 1960-களின் இறுதியில் சேலம்–பெங்களூர் இருப்புப்பாதை அமைந்தபோதும், அது தருமபுரி, இராயக்கோட்டை, ஓசூர் என்னும் பழைய வரிசையிலேயே சென்றது. இருமுறை இருப்புப்பாதை அமைத்தோரும் ஒரே இறக்கத்தைத் தேர்ந்தமை தற்செயலாகாது. வண்டிமாடு தாங்கும் ஏற்றத்தைப் புகைவண்டி தாங்காதாதலின், அவர்கள் மென்சரிவை நாடினர். பொதிமாட்டு வணிகரும் பீரங்கியிழுத்த படையினரும் முன்னரே கண்டறிந்திருந்ததும் அச்சரிவே.

ஓசூர்–இராயக்கோட்டை–தருமபுரிச் சாலை நெடுங்காலம் மாநில நெடுஞ்சாலையாக இருந்து, அண்மையில் 844 என்னும் எண்ணுடைய தேசிய நெடுஞ்சாலையாக உயர்த்தப்பட்டுள்ளது. 1791-இல் தலைமை பெற்றிருந்த வழி, இரண்டு நூற்றாண்டுகட்குப் பின் மீண்டும் தலைமையை நோக்கி நடக்கின்றது எனலாம். சாலைக்குக் கப்பி இட்டதும், பாலம் கட்டியதும், மைல்கல் நட்டதும் ஆங்கிலேயர் பணி என்பதில் ஐயமில்லை. பிற்காலத்துப் பொறியாளர் பணியும் பெரிதே. ஆனால் வழியின் தடத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள் அல்லர்.

காட்டுவழியின் நிலை

இனி மூன்றாவது வழியை நோக்குவோம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் மேலகிரிக் காடுகள் காப்புக்காடுகளாயின. ஆநிரைப்பட்டிகள் இருந்த இடங்களில் கட்டுப்பாடு வந்தது. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில், காவிரிக்கு அப்பாலுள்ள கொள்ளேகால் வட்டம் கோவை மாவட்டத்தினின்று பிரிந்து மைசூர் மாநிலத்தைச் சார்ந்தது. ஆற்றின் இருகரையும் ஒரே மாகாணமாயிருந்த நிலை மாறவே, இக்காட்டுவழி நாட்டின் கோடியில் முடியும் சாலையாயிற்று.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், இச்சாலைக்குப் புதிய பயன் உண்டாயிற்று. முன்னர் ஆநிரை இறங்கிய மலைவழியில், இன்று தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் மக்கள் பேருந்தில் ஏறுகின்றனர். அஞ்செட்டி இன்று தனி வட்டத்தின் தலைமையிடம். உரிகம் போன்ற ஊர்களுக்கும், இருளர் முதலிய பழங்குடியினர் வாழும் சிற்றூர்களுக்கும் இதுவே உயிர்வழி. நோயாளி ஒருவரை இரவில் தேன்கனிக்கோட்டைக்குக் கொண்டு செல்வார்க்கு, சாலையின் குறை வரலாற்றுச் செய்தி அன்று, உயிர்ச்செய்தியாகும்.

ஆனால் இம்மலையில் வேறொரு பெருவழியும் உண்டு. பன்னர்கட்டாக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக்கூட்டங்கள் கேழ்வரகு விளையும் பருவத்தில் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றுட் சில தேன்கனிக்கோட்டைக் காட்டைக் கடந்து சானமாவு வரை சென்று தேசிய நெடுஞ்சாலையையும் குறுக்கிடுகின்றன. மக்கள் வழிகள் மேட்டினின்று கீழிறங்கும். யானை வழியோ மேட்டின் விளிம்பை ஒட்டியே நீளமாகச் செல்லும். ஆதலின் இரண்டும் குறுக்கிடுதல் தவிர்க்க முடியாதது. பயிரழிவும் இருபாலும் உயிரிழப்பும் இதனால் நேர்கின்றன. தமிழக அரசு 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தையும், 2022-ஆம் ஆண்டில் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தையும் அறிவித்தது இக்காட்டின் தொடர்ச்சியைக் காத்தற்பொருட்டேயாகும்.

காட்டுச்சாலையை அகலப்படுத்துவதா, உள்ளவாறே விடுவதா என்னும் வினா எழும்போது, வரலாறு ஒன்றனைக் கூற வல்லது. மூன்று இறங்குவழிகளுள் நெடுந்தொலைச் சரக்கையும் பெரும்படையையும் தாங்கியவை முதலிரண்டே. அஞ்செட்டி வழி எக்காலத்தும் அவ்வழியில் வாழ்ந்தார்க்கே சிறப்பாகப் பயன்பட்டது. ஆகவே அச்சாலையைச் செப்பனிட்டு, பேருந்தும் மருத்துவ ஊர்தியும் தடையின்றிச் செல்லுமாறு பேணுதல் அம்மக்களுக்கு உரிய கடன். அதனைச் சரக்குந்துகளின் குறுக்குவழியாக்குதற்கு வரலாற்றில் ஆதரவு இல்லை. சரக்கிற்கு மேலுமலையும் இராயக்கோட்டையும் உள்ளன.

செய்யத்தக்கவை

இறுதியாக, ஆராய்ச்சி மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். வழிக்கல்லும் நடுகல்லும் பெரும்பாலும் வழியோரத்தில் நிற்பவை. சாலை அகலும்போது முதலில் பெயர்க்கப்படுவனவும் அவையே. தருமபுரியில் கிடைத்த இரண்டு கற்கள் 27, 29 எனக் கூறுகின்றன. அளவு முறையாக நடந்ததாயின், இடையே 28-ஆம் காதக்கல் ஒன்று நின்றிருத்தல் வேண்டும். அவ்வரிசையின் முன்னும் பின்னும் வேறு கற்களும் நின்றிருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று இராயக்கோட்டை ஏற்றத்தில் கிடைக்குமாயின், யாம் மேலே கருத்தாகக் கூறியது முடிவாகும். வேறு ஏற்றத்தில் கிடைக்குமாயின், எம் கருத்தைத் திருத்திக்கொள்வோம்.

அக்கல் வயல்வரப்பிலோ, வீட்டுப் படியிலோ, சாலைக்கு அடித்தளமாகவோ கிடத்தல் கூடும். குழி செதுக்கிய கல்லை உரல் என்றெண்ணி ஒதுக்கியிருத்தலும் கூடும். எனவே இவ்வட்டாரத்துச் சாலைப்பணி நிகழும் இடங்களில், பணி தொடங்குமுன் ஊர்தோறும் கற்களைக் கணக்கெடுத்தலும், ஊர்ப்பெயர்களை அவ்வூரார் வழங்கும் மும்மொழி வடிவிலும் தொகுத்தலும், முதியோர் நினைவிலுள்ள பழைய தடங்களை நிலப்படத்தில் குறித்தலும் உடனே மேற்கொள்ளத்தக்கன. எழுத்தறியாதாரும் வழியறிதல் வேண்டும் என்று எண்ணிக் குழி செதுக்கினார் அந்நாளில் இருந்தனர். எழுத்தறிந்த நாம் அக்கல்லைக் காணாது கடந்து செல்லுதல் தகாது.